பெயரில் உப்பு, வாயில் இனிப்பு: வீட்டிலேயே பாந்தெசால் சுடலாம்

பிலிப்பைன்ஸின் கேசோன் நகரில் நான் இரண்டு ஆண்டுகள் குடியிருந்த வீட்டிலிருந்து நான்காவது கட்டடம் ஒரு பனதேர்யா. தெருமுனை ரொட்டிக்கடைக்கு அங்கே அதுதான் பெயர். விடியற்காலை ஐந்து மணிக்கே அதன் முன்னால் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆளுக்கொரு பழுப்புக் காகிதப் பை, பைக்குள் பத்தோ இருபதோ சூடான உருண்டை ரொட்டிகள். வீடு போய்ச் சேர்வதற்குள் பைக்குள் கையை விட்டு ஒன்றைத் தின்று முடிக்காதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வரிசையில் நிற்கச் சோம்பல்படுகிறவர்களுக்காகச் சைக்கிள்காரர் ஒருவர் ரப்பர் ஊதலை அமுக்கிக்கொண்டே தெருத் தெருவாக வருவார். இசை ஒலிக்க வந்து ‘பாண்’ என்னும் ரொட்டி விற்கும் இலங்கை ஆட்டோவைக் கண்டவர்களுக்கு இது புதிய காட்சியாக இராது.

அந்த ரொட்டியின் பெயர் பாந்தெசால். ‘பான் தெ சால்’ என்றால் ஸ்பானிய மொழியில் உப்பு ரொட்டி. இலங்கைத் தமிழர் சொல்லும் ‘பாண்’ போர்த்துகீசியர் வழியாக வந்தது. இந்தப் ‘பான்’ ஸ்பானியர் வழியாக வந்தது. இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான், லத்தீன். பெயரை நம்பிக் கடித்தால் ஏமாந்து போவீர்கள். கீழே நான் தரும் அளவில் உப்பு 8 கிராம், சர்க்கரை 75 கிராம். இனிப்பு ரொட்டி என்று சொல்லிவிடவும் முடியாது. வாய்க்குள் போய் மென்ற பிறகே மெல்ல எட்டிப் பார்க்கிற இனிப்பு அது. அங்குள்ள முதியவர்களைக் கேட்டால், அந்தக் காலத்தில் பாந்தெசால் பெரிதாகவும் மேல்தோல் மொறுமொறுப்பாகவும் இருந்தது, இப்போது சிறுத்து மெத்தென்று ஆகிவிட்டது என்று குறைப்படுவார்கள். நம் ஊரில் இட்லியின் அளவைப் பற்றிக் கேட்கிற புலம்பல்தான்.

கோதுமை அந்த நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒத்துவராத பயிர். அது சோறுண்ணும் தேசம். ஸ்பானியர் தேவாலயப் பூசை அப்பத்துக்காகக் கோதுமையைக் கொண்டுவந்தார்கள். 1898க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த அமெரிக்கர்கள் காலத்தில் கப்பல் கப்பலாக மலிவு மாவு வந்து இறங்கியது. ரொட்டி ஏழை வீட்டுக் காலை உணவானது அப்போதுதான். இன்றைக்கும் கோதுமை முழுக்க இறக்குமதிதான். ஆனாலும் பாந்தெசால் வெளியூர்ப் பண்டம் என்று அங்கே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கடையின் பின்பக்க ஜன்னல் என் சமையலறைக்கு நேராக இருந்தது. தூக்கம் வராத நாட்களில் மூன்றரை மணிக்கு எழுந்து அங்கே நடப்பதை வேடிக்கை பார்ப்பேன். பக்கத்து வீட்டு அம்மாளை நான் ‘ஆத்தே’ என்று அழைப்பேன். தகாலோக் மொழியில் அக்காவுக்கு அதுதான் சொல். அவர்தான் வீட்டு அளவுக்குச் செய்முறையைக் குறைத்துக் கொடுத்தார். அவருக்கு எல்லாமே கைக்கணக்கு. தராசில் நிறுத்து எழுதி, பாழாக்கி, திரும்ப எழுதி நான் கொண்டுவந்த கணக்குதான் இங்கே இருப்பது.

தேவையானவை

50 கிராம் எடையில் 18 ரொட்டிகளுக்கு:

மைதா 500 கிராம்
சர்க்கரை 75 கிராம்
உப்பு 8 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம்
வெதுவெதுப்பான பால் 240 மில்லி
முட்டை 1
வெண்ணெய் 45 கிராம், அறை வெப்பத்தில் இளகியது
மேலே புரட்ட ரொட்டித்தூள் ஒரு கிண்ணம்

முட்டை சேர்க்காத வீடென்றால் அதற்குப் பதிலாக 45 மில்லி பால் கூட்டிக்கொள்ளுங்கள். நிறமும் மென்மையும் சற்றுக் குறையும், ரொட்டி கெட்டுவிடாது. வெண்ணெய்க்குப் பதில் மணமில்லாத சமையல் எண்ணெயும் ஆகும். பல பனதேர்யாக்களில் வெண்ணெயே கிடையாது, வனஸ்பதி போன்ற வெஜிடபிள் ஷார்ட்டனிங்தான்.

டம்ளர் கணக்கு கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். ஒரே டம்ளரில் அமுக்கி எடுத்த மைதாவுக்கும் தூவி எடுத்த மைதாவுக்கும் 20, 30 கிராம் வித்தியாசம் வரும். நான்கு டம்ளர் போடும்போது அந்த வித்தியாசம் நூறு கிராமைக்கூடத் தாண்டலாம். பிறகு ரொட்டி கல்லாக வந்தது என்று ஈஸ்டைத் திட்டிப் பயனில்லை.

மாவைப் பற்றி

பிலிப்பைன்ஸ் ரொட்டிக்காரர்கள் மாவை ரயில் பெட்டி போல வகுப்புப் பிரித்துச் சொல்வார்கள். புரதம் கூடியது முதல் வகுப்பு, புரதம் குறைந்த மென்மாவு மூன்றாம் வகுப்பு. பாந்தெசாலுக்கு முதல் வகுப்புதான் அடிப்படை. சிலர் மென்மைக்காக மற்றதைக் கொஞ்சம் கலப்பார்கள். நம் கடை மைதா இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று போட்டிருக்கும். 11 கிராமோ அதற்கு மேலோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 9 என்று இருந்தால் அதை பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரெட் மாவு என்றே தனியாகக் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக வருகிறது.

பாதி கோதுமை மாவு சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம். அது நல்ல ரொட்டியாக இருக்கும், பாந்தெசாலாக இராது. முதல் இரண்டு முறை மைதாவிலேயே செய்து கை பழகிக்கொண்டு, அதன் பிறகு உடம்புக்கு நல்லதைப் பற்றி யோசிப்போம்.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா

கடைகளில் இரண்டு வகை உண்டு. மெல்லிய மணலாக இருப்பது இன்ஸ்டன்ட் ஈஸ்ட்; நேராக மாவில் கலக்கலாம். கடுகளவு உருண்டையாக இருப்பது ட்ரை ஈஸ்ட். அதை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துத்தான் சேர்க்க வேண்டும், அளவும் 9 கிராமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எந்த வகையானாலும் முதல்முறை செய்பவர்கள் ஊறவைத்தே பாருங்கள். பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து ஈஸ்டைத் தூவி மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டி, கள் மணம் வர வேண்டும். வரவில்லையா? அதைக் கொட்டிவிட்டு வேறு பாக்கெட் திறங்கள். ‘மாவில் போட்டால் எழுந்துவிடும்’ என்ற நம்பிக்கையில் அரைக் கிலோ மைதாவை வீணாக்கியவனாகச் சொல்கிறேன்.

பால் எவ்வளவு சூடு? உள்மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. குழந்தைக்குப் பால் ஆற்றிப் பழகிய கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். 60ஐ நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். மே மாதத்துச் சென்னையில் பாலைச் சூடாக்கவே வேண்டாம், அறை வெப்பமே போதும்.

பிசைதல்

அகலமான பாத்திரத்தில் மைதா, மீதிச் சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். நடுவில் குழி செய்து, நுரைத்த பாலையும் அடித்த முட்டையையும் ஊற்றுங்கள். பாலில் ஒரு கைப்பிடி அளவை, அதாவது 20 மில்லியை மட்டும் பிடித்து வையுங்கள். மைதாவுக்கு மைதா நீர் குடிப்பது மாறும். தேவைப்பட்டால் பிறகு சேர்க்கலாம், ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

எல்லாம் ஒன்றாகத் திரண்டதும் மூடி வைத்துவிட்டு 15 நிமிடம் வேறு வேலை பாருங்கள். மாவு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிசைகிற வேலையில் பாதி மிச்சம்.

இப்போது மேடையில் கொட்டிப் பிசையத் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் மாவு கையெல்லாம் ஒட்டும். நம் கை சப்பாத்திக்குப் பழகிய கை. ஒட்டினால் உடனே மாவு தூவச் சொல்லும். பொருட்படுத்தாதீர்கள். இங்கே தோற்கிறவர்களில் பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு கைப்பிடி மைதாவும் ரொட்டியை ஒரு படி கெட்டியாக்கும். மறுநாள் அதை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகும். அதற்குப் பதிலாகப் பரோட்டா மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கி அடி, இழு, மடி. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னோக்கித் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி மறுபடியும் தள்ளுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மாவு மேடையை விட்டுத் தானாகப் பிரியும்.

வெண்ணெய் சேர்க்க இதுவே சமயம். முன்பே போட்டால் கொழுப்பு மாவைப் போர்த்திக்கொண்டு பசை கூடவிடாது. மூன்று தவணையாகத் தேய்த்துச் சேருங்கள். சேர்த்த உடனே மாவு கிழிந்து வழுக்கி, எல்லாம் போயிற்று என்று தோன்றும். போகவில்லை; இன்னும் ஐந்தாறு நிமிடத்தில் திரும்பி வரும்.

பதம் பார்ப்பது எளிது. எலுமிச்சையளவு கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் சவ்வு போல விரிந்து, அதன் வழியே விரல் நிழலாகத் தெரிந்தால் போதும். தொட்டால் காதுமடல் போல இருக்கும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். பிசையும் இயந்திரம் இருந்தால் நடுத்தர வேகத்தில் மொத்தம் எட்டுப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு என்னவோ முதல்முறையாவது கையால் பிசைவதுதான் சரி என்று தோன்றுகிறது. மாவு எப்போது மாறுகிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

முதல் பொங்கல்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை உருட்டிப் போட்டு ஈரத்துணியால் மூடுங்கள். இரண்டு மடங்காக வேண்டும். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். எத்தனை டிகிரியில் என்று கேளுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம், ஊட்டியிலோ லண்டனிலோ இருந்தால் இரண்டு மணி நேரம் ஆகலாம். இதில் சர்க்கரை கூடுதல் என்பதால் சாதாரண ரொட்டி மாவைவிடச் சற்று நிதானமாகவே எழும். பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, மாவை. விரலில் மைதாவைத் தொட்டு மாவின் நடுவில் குத்துங்கள். குழி அப்படியே நின்றால் தயார். உடனே நிமிர்ந்தால் காத்திருங்கள். மொத்த மாவும் பெருமூச்சு விட்டு அமிழ்ந்தால் நேரம் கடந்துவிட்டது. பாதகமில்லை, மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றி அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

தூள்

மாவு எழும் நேரத்தில் தூளைத் தயார் செய்துகொள்ளலாம். பாந்தெசாலின் மேல் படிந்திருக்கும் அந்த மெல்லிய பழுப்புத் தூள் அலங்காரம் என்று நான் முதலில் நினைத்தேன். அதற்கு வேலை உண்டு. வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது, அடுப்பில் மேல்தோல் கறுக்காமல் பார்த்துக்கொள்கிறது, கடிக்கும்போது உதட்டில் மணல் போலப் படுகிறது. பனதேர்யாவில் விற்காமல் மிஞ்சியதை உலர்த்திப் பொடித்ததுதான் அது. மிஞ்சிய ரொட்டி அங்கே வீணாவதே இல்லை. இன்னும் மிஞ்சினால் சர்க்கரையும் சிவப்புச் சாயமும் சேர்த்துக் கிளறி, வேறொரு ரொட்டிக்குள் பூரணமாக வைத்து, மறுநாள் அதையே விற்றுவிடுவார்கள்.

முதல்முறை உங்களிடம் மிச்ச ரொட்டி இராது. ரஸ்க்கை மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் மணமில்லாத ரஸ்க்காக இருக்கட்டும். கடையில் விற்கும் முரட்டுப் பிரெட் தூள் கட்லட்டுக்கு மட்டும். ரவை போடலாமே என்று ஒரு முறை போட்டுப் பார்த்தேன். பல்லில் நறநறவென்றது.

உருட்டாதீர்கள், வெட்டுங்கள்

ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையில் உருண்டையாக உருட்டித் தட்டில் அடுக்கினால் ரொட்டி வரும். சுவையாகவும் இருக்கும். ஆனால் அது பன். பாந்தெசாலுக்குக் கத்தி வேண்டும். இதில் நான் கறாராகவே இருக்கிறேன்.

மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 460 கிராம் இருக்கும். ஒரு பங்கை எடுத்து விரல்களால் அமுக்கி, நாற்பது சென்டிமீட்டர் நீளமும் இருபது அகலமுமாகப் பரப்புங்கள். சப்பாத்திக் கட்டையால் தேய்க்க வேண்டாம். நீளப் பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, முடிவில் ஓரத்தைக் கிள்ளி ஒட்டுங்கள். உருட்டி 45 சென்டிமீட்டர் நீளத் தடியாக்குங்கள். இதற்குப் ‘பஸ்தோன்’ என்று பெயர்; கைத்தடி என்று பொருள். மற்றப் பங்கையும் இப்படியே. மேடையில் தூளைத் தூவி, அதன் மேல் தடிகளைப் புரட்டி, துணி மூடிப் பத்து நிமிடம் படுக்கவிடுங்கள்.

பிறகு வெட்டுதல். பற்களுள்ள கத்தி வேண்டாம். பட்டையான மாவு வெட்டியோ அகலமான கத்தியோ எடுத்து, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒரே அமுக்கில் வெட்டுங்கள். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. ஒரு தடிக்கு ஒன்பது துண்டு. முதல் துண்டைத் தராசில் போட்டுப் பார்த்தால் கை அடங்கும். என் ஜன்னலுக்கு எதிரே இருந்த பேக்கர் பார்க்காமலே வெட்டுவார், ரேடியோ கேட்டுக்கொண்டே. டக் டக் என்று அந்தச் சத்தம் தெருவரை வரும்.

வெட்டிய முகத்தில் ஈரப்பசை இருக்கும். அந்த முகத்தைத் தூளில் அழுத்தி எடுத்து, அதே முகம் மேலே பார்க்கும்படி தட்டில் வையுங்கள். சுருட்டியதில் அடைந்து கிடந்த இறுக்கம் வெட்டுவாய் வழியே தளரும். ரொட்டி வெறும் வட்டமாக இராமல், பக்கம் அகன்று, மேலே லேசான வரப்போடு எழும். அந்தத் தோற்றத்தைப் பார்த்த உடனே பிலிப்பைன்காரர் இது பாந்தெசால் என்று சொல்லிவிடுவார். துண்டுகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி போதும். உப்பும்போது பக்கத்துத் துண்டை லேசாகத் தொட்டுக்கொண்டால் பக்கங்கள் மெத்தென்று இருக்கும்.

இரண்டாம் பொங்கல்

மூடி வைத்து 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். துண்டுகள் ஒன்றரை மடங்குக்கு மேல் பருத்து, தட்டை ஆட்டினால் லேசாக நடுங்க வேண்டும். ஓரத்தில் விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாக, பாதியளவு மட்டும் நிமிர வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் அடுப்பில் பக்கவாட்டில் வெடிக்கும். மறந்துபோய்த் தூங்கிவிட்டால் தட்டையாகி, உள்ளே புளித்த வாடை வரும். இரண்டையும் செய்திருக்கிறேன்.

அடுப்பு

அங்கே பழைய முறை அடுப்புக்குப் ‘புகோன்’ என்று பெயர். செங்கல்லால் கட்டி, விறகு எரித்து, தணல் ஒதுக்கிச் சுடுவார்கள். நம் காதுக்கு அதில் ‘புகை’ கேட்கும். சொல் என்னவோ ஸ்பானியம்தான். பெரும்பாலான கடைகள் காஸ் அடுப்புக்கு மாறிவிட்டன. கேசோன் நகரில் 1939இல், அந்த நகரம் உருவான அதே ஆண்டில், தொடங்கிய கமுனிங் பேக்கரி புகோனுக்காகவே பேர்பெற்றது. அதன் முயற்சியில் அக்டோபர் 16ஐ உலகப் பாந்தெசால் நாள் என்று கொண்டாடி, இலவசமாக ரொட்டி வழங்குகிறார்கள்.

வீட்டில் ஓவனை 175 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடாக்குங்கள். ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவன் என்றால் இரண்டு கம்பிகளும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். பதினெட்டு முதல் இருபது நிமிடம். கரும்பழுப்பு நிறத்துக்குக் காத்திருக்காதீர்கள். பாந்தெசால் மேலே வெளிர் பொன்னிறம், அடியில் சற்றே கூடுதல் பழுப்பு, அவ்வளவுதான். ஒன்றைத் திருப்பி அடியில் சுண்டினால் வெறும் பெட்டியைத் தட்டிய ஓசை வர வேண்டும். வெப்பமானி செருகிப் பார்த்தால் நடுவில் 90 டிகிரி. பன்னிரண்டு நிமிடத்திலேயே மேல்புறம் சிவக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடுங்கள். சிறிய ஓவன்களில் மேல் கம்பி தலைக்கு மிக அருகில் இருக்கும், அது உங்கள் பிழையல்ல.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான கடாயில் உப்பையோ மணலையோ பரப்பி, நடுவில் வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி, அதன் மேல் தட்டை வைத்துச் சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம் சுடலாம். மேலே நிறம் வராது. தூள்தான் ஏற்கெனவே பழுப்பாக இருக்கிறதே, மானம் தப்பும்.

விடியலில் தின்ன வேண்டுமென்றால்

பனதேர்யாவில் ஆட்கள் இரவு இரண்டு மணிக்கு எழுகிறார்கள். நமக்கு அந்தத் தவம் தேவையில்லை, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. ஈஸ்டை 5 கிராமாகக் குறைத்து, இரவு ஏழரைக்குப் பிசைந்து, ஒன்பது மணிக்கு வெட்டித் தட்டில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி உள்ளே வையுங்கள். காலை நாலேமுக்காலுக்கு வெளியே எடுத்தால் ஐந்தே முக்கால் சுமாருக்கு நடுங்கும் பதம் வந்திருக்கும். ஆறேகாலுக்குத் தட்டில் இருக்கும். இரவு முழுக்கக் குளிரில் மெல்லப் புளித்ததால் மணமும் கூடுதல். ஒரே நாளில் சுடுவதைவிட இந்த முறையைத்தான் இப்போது நான் எப்போதும் செய்கிறேன்.

முருங்கையும் வள்ளிக்கிழங்கும்

பிலிப்பைன்ஸில் முருங்கைக்கீரைக்கு ‘மலுங்கை’ என்று பெயர். முதன்முறை சந்தையில் அந்தச் சொல்லைக் கேட்டபோது யாரோ கொன்னையாகத் தமிழ் பேசுகிறார்கள் என்றே நினைத்தேன். முருங்கையின் தாவரவியல் பெயரான மொரிங்கா நம் சொல்லிலிருந்து போனது. அங்கே முருங்கைக்காயை அவ்வளவாகத் தேடுவதில்லை, கீரைக்குத்தான் மரியாதை. மலுங்கை பாந்தெசால் பல கடைகளில் அன்றாடச் சரக்கு. இந்த அளவு மாவுக்கு, ஆய்ந்த கீரை 30 கிராம். ஈரம் போகத் துணியில் ஒற்றிப் பொடியாக அரிந்து, வெண்ணெய்க்குப் பிறகு கடைசியாகச் சேருங்கள். காம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாலில் ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பச்சைப் புள்ளிகளைக் கண்டு முகம் சுளித்தால் கையில் சூடாகக் கொடுத்துப் பாருங்கள். கீரை மணம் பாதி சர்க்கரையில் அடங்கிவிடுகிறது.

2020 ஊரடங்குக் காலத்தில் அங்கே வீடு வீடாகப் பரவியது ஊதா நிற ‘ஊபே’ பாந்தெசால், நடுவில் சீஸ் வைத்தது. ஊபே வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பாலில் களியாகக் கிண்டும் இராசவள்ளிக்கிழங்குதான். வேகவைத்து மசித்தது 150 கிராம் சேர்த்து, பாலை 190 மில்லியாகக் குறைத்தால் சரியாக வரும். ஈரம் கிழங்குக்குக் கிழங்கு மாறும், ஆகவே பாலைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். சுட்ட பிறகு நிறம் மங்கும். கடைகளில் பளீரென்று தெரிவது பெரும்பாலும் சாயத்தின் தயவு.

தின்பது

உள்ளே வைப்பதற்கு ‘பலமான்’ என்று பெயர். டின்னில் வரும் மத்தி, கார்ன்டு பீஃப், முட்டை, வேர்க்கடலை வெண்ணெய், எருமைப்பாலில் செய்த உப்பு போட்ட வெள்ளைச் சீஸ், தேங்காய்ப்பாலும் கருஞ்சர்க்கரையும் காய்ச்சிய ஜாம் என்று எதுவும் ஆகும். ஆத்தே எதுவுமே வைக்க மாட்டார். படாங்காஸ் மாகாணத்துப் பராகோ காபியைச் சர்க்கரையில்லாமல் போட்டு, ரொட்டியைப் பிட்டு அதில் முக்கி, சொட்டுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வார். நம் ஃபில்டர் காபிக்கும் அது பொருந்துகிறது, பால் சற்றுக் குறைவாக இருந்தால்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். சூட்டுத் தட்டிலேயே விட்டால் அடி வியர்த்து நமுத்துவிடும். முற்றிலும் ஆறிய பிறகே டப்பாவில் மூட வேண்டும். அன்றைக்கும் மறுநாளும் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வைப்பதென்றால் ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது மூடிய தோசைக்கல்லில் சிறு தீயில் சூடாக்கலாம். சாதாரண குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், விரைவில் வறண்டுவிடும்.

பதினெட்டில் இரண்டை யார் கேட்டாலும் கொடுக்காமல் எடுத்து ஒளித்து வையுங்கள். மறுநாள் துண்டாக்கி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பொடித்து, ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டால் அடுத்த முறைக்கு ரஸ்க் தேட வேண்டாம்.